பிக்சாரும் அதன் ரசிகர்களும்



நமக்கு வேண்டாதவர் ஒருவர் பிழை செய்தால் அது நம்மை வருத்துவதில்லை. வழியில் போகும் ஒருவர் சொன்ன கடுஞ்சொல்லை மறுநாளே மறந்துவிடுகிறோம். அதே சொல்லை வீட்டில் அண்ணனோ அக்காளோ சொன்னால் ஒரு வாரம் வரையில் மனம் நோகிறது. அன்பு இருக்கும் இடத்தில்தான் ஏமாற்றத்திற்கும் இடம் உண்டு. இது மனிதர்களுக்கு மட்டும் உரிய உண்மையன்று. நாம் விரும்பிப் படிக்கும் நூலாசிரியர், விரும்பிக் கேட்கும் பாடகர், விரும்பிப் பார்க்கும் படங்களை எடுக்கும் நிலையம் ஆகியவற்றுக்கும் அது பொருந்தும்.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் எமரிவில் என்று ஒரு சிறு நகரம் இருக்கிறது. அங்கேதான் பிக்சார் என்னும் அனிமேஷன் பட நிலையம் உள்ளது. உலகெங்கும் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கத்தக்க படங்களை எடுத்துப் புகழ் பெற்ற நிலையம் அது. அந்த நிலையத்தின்பால் ரசிகர்கள் கொண்ட அன்பு முப்பது ஆண்டுகளில் எவ்வாறு வளர்ந்தது, எவ்வாறு கலங்கியது என்பதைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

பள்ளிக்கூடத்தில் காலமெல்லாம் கழித்த ஒருவனுக்குச் சித்திரப் படத்தில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். காரணம் என் வீட்டிலேயே இருக்கிறது. என் மகள் பத்து வயதுச் சிறுமியாக இருந்தபோது, காணாமற்போன குஞ்சைத் தேடிக் கடலெல்லாம் அலையும் தந்தை மீனின் கதையை, 'ஃபைண்டிங் நீமோ' என்ற படத்தை, அவளோடு சேர்ந்து பார்த்தேன். படம் முடிந்தபின் அவள் என் கையை விடவே இல்லை. அவளுக்கு இப்போது ஏழு வயதில் ஒரு மகன் இருக்கிறான். 2025-ஆம் ஆண்டில் வெளிவந்த 'எலியோ' என்ற படத்திற்கு மூவரும் சென்றோம். வெளியே வரும்போது என் மகள், "அப்பா, நான் பார்த்து வளர்ந்த பிக்சார் இப்போது இல்லை" என்றாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் பேரன் என் வேட்டியைப் பிடித்து இழுத்து, "தாத்தா, நாளைக்கும் இதே படத்திற்கு வரலாமா?" என்று கேட்டான். தாயும் மகனும் பார்த்தது ஒரே படம். இருவருள் யார் சொன்னது உண்மை? அன்று முதல் இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

விடை காண்பதற்கு முன் அந்த நிலையத்தின் வரலாற்றைச் சிறிது அறிந்துகொள்ளுதல் வேண்டும்.

1979-ஆம் ஆண்டில், ஜார்ஜ் லூகாஸ் என்ற திரைப்பட இயக்குநர் தம் நிறுவனத்தில் கணினிப் பிரிவு ஒன்றைத் தொடங்க எண்ணி, எட் கேட்மல் என்ற அறிஞரை அழைத்துக்கொண்டார். இளமையில் கேட்மலுக்குச் சித்திரப் படக் கலைஞராக வேண்டும் என்பதே ஆசை. ஓவியம் தமக்குப் போதிய அளவு வராது என்று உணர்ந்து அவர் இயற்பியலும் கணினி இயலும் கற்றார். கையால் வரைய இயலாததைக் கணினியால் வரைய முயன்றார். 1986-இல் அந்தப் பிரிவை ஸ்டீவ் ஜாப்ஸ் விலைக்கு வாங்கித் தனி நிறுவனம் ஆக்கினார். தொடக்கத்தில் பிக்சார் படம் எடுத்து வாழ்ந்த நிலையம் அன்று; கணினிகளைச் செய்து விற்கும் நிறுவனமாகவே இருந்தது. அந்தக் கணினிகளும் மிகுதியாக விற்கவில்லை. அவற்றின் ஆற்றலை விளக்கிக் காட்டுவதற்காகவே சிறுசிறு படங்களை எடுத்தார்கள். 1986-இல் எடுத்த 'லக்ஸோ ஜூனியர்' என்ற படத்தில் இரண்டு மேசை விளக்குகளே பாத்திரங்கள். பேச்சு இல்லை, முகம் இல்லை. ஆயினும் ஒன்று பெற்றோர் என்றும் மற்றொன்று குழந்தை என்றும் பார்த்தவர் அனைவரும் அறிந்துகொண்டனர். அந்தக் குட்டி விளக்குத்தான் இன்றும் அந்நிலையத்தின் ஒவ்வொரு படத்தின் முன்னும் துள்ளி வருகிறது.

1991-இல் டிஸ்னி நிறுவனத்தோடு ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. 1995-ஆம் ஆண்டு நவம்பர் 22-ஆம் நாள் 'டாய் ஸ்டோரி' வெளிவந்தது. முழுவதும் கணினியாலேயே உருவாக்கப்பட்ட முதல் முழுநீளப் படம் அது. கதை என்ன? ஆண்டி என்ற சிறுவனிடம் உட்டி என்ற பொம்மை இருக்கிறது. பிறந்தநாளில் பஸ் லைட்இயர் என்ற புதிய பொம்மை வந்து சேர்கிறது. 'குழந்தையின் அன்பு நம்மை விட்டுப் போய்விடுமோ' என்று பழைய பொம்மை அஞ்சுகிறது. மாறும் அன்பைப் பற்றிய அச்சமே பிக்சாரின் முதற் படத்தின் கரு. பின்னாளில் அந்த நிலையத்திற்கும் அதன் ரசிகர்களுக்கும் இடையே நிகழப் போவதை அந்தப் படம் முன்கூட்டியே சொல்லிவிட்டதைப் போலத் தோன்றுகிறது.

அதன்பின் வந்த பதினைந்து ஆண்டுகளும் அன்பு வளர்ந்த காலம். சமையற்கலையில் சிறந்து விளங்கும் எலியின் கதை வந்தது. குப்பை நிறைந்த பூமியில் தனியே உழைக்கும் இயந்திரத்தின் கதை வந்தது. அதன் முற்பகுதியில் பேச்சு என்பதே மிகக் குறைவு. மனைவியை இழந்த முதியவர் ஒருவர் தம் வீட்டையே பலூன்களில் கட்டி வானில் பறக்கும் கதையும் வந்தது. 'அப்' என்னும் அந்தப் படத்தின் தொடக்கத்தில் ஓர் இல்லறம் முழுவதும் சில நிமிடங்களில், பேச்சே இல்லாமல் காட்டப்படுகிறது. குழந்தையை அழைத்துச் சென்ற பெற்றோரே அங்கே கண் கலங்கினர். 'அப்', 'டாய் ஸ்டோரி 3' ஆகிய இரண்டும் சிறந்த அனிமேஷன் படம் என்ற அளவில் நில்லாமல், அனைத்துப் படங்களோடும் போட்டியிடும் சிறந்த படத்திற்கான ஆஸ்கர் பரிசுக்கும் முன்மொழியப்பட்டன. அந்நாளில் மக்கள் கதை இன்னது என்று கேட்டுக்கொண்டு அரங்கத்திற்குச் செல்லவில்லை. விளக்கு துள்ளி வரும் நிலையத்தின் படம் என்றால் போதும், நம்பிச் சென்றார்கள்.

நம்பிக்கை எப்போது தளர்ந்தது? பலரும் இரண்டு ஆண்டுகளைக் குறிப்பிடுவர். ஒன்று, 2006. அந்த ஆண்டில் டிஸ்னி நிறுவனம் ஏறத்தாழ 740 கோடி டாலர் விலைக்குப் பிக்சாரை வாங்கியது. மற்றொன்று, 2011. அந்த ஆண்டில் வந்த 'கார்ஸ் 2' என்ற படத்தை விமர்சகர்களுள் பெரும்பாலோர் குறை கூறினர். சிறந்த அனிமேஷன் படத்திற்கான ஆஸ்கர் பரிசு ஏற்பட்ட நாள் முதல் பிக்சார் படம் ஒவ்வொன்றும் அதற்கு முன்மொழியப்பட்டு வந்தது. அந்த வழக்கம் 'கார்ஸ் 2' படத்தோடு நின்றது. பொம்மைக் கார்களை விற்பதற்காகவே படம் எடுக்கிறார்கள் என்ற பேச்சு எழுந்தது.

ஏமாற்றம் மேலும் வளர்வதற்கு வேறு காரணங்களும் சேர்ந்தன. 'டாய் ஸ்டோரி'யை இயக்கியவரும் நிலையத்தின் கலைத் தலைவருமான ஜான் லாஸட்டர், பணியாளரிடம் நடந்துகொண்ட முறையைப் பற்றிய குறைகள் எழ, மன்னிப்புக் கோரி 2017-இல் விடுப்பிற் சென்றார். 2018-ஆம் ஆண்டின் இறுதியில் விலகினார். அன்பைப் பற்றிக் கதை சொன்ன இடத்தில் உடன் உழைத்தவர்கள் மனம் நொந்திருந்தார்கள் என்பதை அறிந்தபோது ரசிகர்கள் வருந்தினர். பின்னர்ப் பெருந்தொற்று வந்தது. 'சோல்', 'லூகா', 'டர்னிங் ரெட்' என்ற மூன்று படங்களும் 2020 முதல் 2022 வரையில் அமெரிக்காவில் அரங்குகளுக்கு வாராமல் நேரே வீட்டுத் திரைக்கு அனுப்பப்பட்டன. வீட்டிலிருந்தபடியே பார்த்துப் பழகிய மக்கள் அரங்கத்திற்கு மீளத் தயங்கினர். 2022-இல் வந்த 'லைட்இயர்' எதிர்பார்த்த வரவேற்பைப் பெறவில்லை. 2024-இல் நிலையத்தின் பணியாளருள் நூற்றுக்கு ஏறத்தாழப் பதினான்கு பேர் வேலை இழந்தனர். 2025-இல் 'எலியோ' அமெரிக்காவில் முதல் மூன்று நாட்களில் 2 கோடி டாலருக்குச் சற்றே மிகுதியாகத் தண்டியது. அந்நாள் வரையில் பிக்சார் கண்ட தொடக்கங்களுள் இதுவே மிகக் குறைந்தது.

'பழைய பிக்சார் இல்லை' என்ற சொல்லுக்கு இவ்வளவு ஆதாரங்கள் இருக்கின்றன. அப்படியானால் என் மகள் சொன்னதுதான் உண்மையா? அவசரப்படாமல் ஆராய்ந்து பார்ப்போம். அந்த ஒரு சொல்லுக்குள் பல செய்திகள் கலந்துள்ளன. அரிசியையும் கல்லையும் பிரிப்பதுபோல அவற்றைப் பிரித்துப் பார்த்தல் நலம்.

முதலாவதாக, நிலையம் மாறியது உண்மையா? கணக்கிட்டுப் பார்த்தேன். 1995 முதல் 2010 வரையில் பிக்சார் 11 படங்களை வெளியிட்டது. அவற்றுள் முந்திய கதையின் தொடர்ச்சியாக வந்தவை இரண்டே. 2011 முதல் 2019 வரையில் 10 படங்கள் வெளிவந்தன. அவற்றுள் பழைய கதைகளின் தொடர்ச்சியாகவோ முற்பகுதியாகவோ அமைந்தவை ஆறு. புதிய கதை சொல்வதற்காகப் போற்றப்பட்ட நிலையம் பழைய கதைகளையே நாடத் தொடங்கியது என்ற குற்றச்சாட்டுக்கு இந்தக் கணக்குச் சான்று ஆகின்றது. ரசிகர்கள் வீணாகக் குறை கூறினார்கள் என்று சொல்வதற்கில்லை.

ஆனால் கணக்கை அங்கேயே நிறுத்திவிடலாகாது. 2020 முதல் 2025 வரையில் 8 படங்கள் வெளிவந்தன. அவற்றுள் ஆறு முற்றிலும் புதிய கதைகள். நிலையம் புதிய கதைகளுக்குத் திரும்பிவிட்டது. ஆனால் 'புதிய கதையே இல்லை' என்ற பழைய குறை மட்டும் நின்றுவிடவில்லை. ஒருமுறை உண்மையாக இருந்த குறையை நாம் வாய்ப்பாடு போலப் பாடம் செய்துகொண்டு, காலம் மாறிய பின்னும் ஒப்பித்துக்கொண்டிருக்கிறோம். பத்தாம் வகுப்பில் ஒரு பிழை செய்த மாணவனை இருபது ஆண்டு கழித்தும் அந்தப் பிழையாலேயே அழைப்பது போன்றது இது.

இரண்டாவதாக, பார்ப்பவர் மாறவில்லையா? 'டாய் ஸ்டோரி'யை ஏழு வயதில் பார்த்த குழந்தைக்கு, 'டாய் ஸ்டோரி 3' வந்தபோது இருபத்திரண்டு வயது. அந்தப் படத்தில் ஆண்டியும் வளர்ந்து கல்லூரிக்குப் புறப்படுகிறான். தன் பொம்மைகளை ஒரு சிறுமியிடம் கொடுத்துவிட்டு விடைபெறுகிறான். அரங்கத்தில் அழுதவர்கள் பொம்மைகளுக்காக மட்டும் அழவில்லை. தம் இளமைக்காகவும் அழுதார்கள். ஏழு வயதில் அடைந்த வியப்பை முப்பது வயதில் வேறு எந்தப் படமாவது தர இயலுமா? இயலாது. அதனைத் தர இயலாமை படத்தின் குற்றமன்று. குழந்தையாக இருந்தபோது பெரியதாகத் தோன்றிய வீட்டு முற்றம் பின்னாளில் சிறுத்துக் காண்கிறது. முற்றத்தை யாரும் வெட்டி எடுத்துவிடவில்லை.

மூன்றாவதாக, நினைவு என்பது ஒரு சல்லடை. நல்லதை நிறுத்தி மற்றதைக் கீழே விட்டுவிடும் இயல்பு அதற்கு உண்டு. பொற்காலம் என்று நாம் சொல்லும் அந்த நாட்களிலும் இடர்கள் இருந்தன. 1999-இல் வந்த 'டாய் ஸ்டோரி 2' ஒரு தொடர்ச்சிப் படமே. முதலில் அதனை அரங்கிற்கு அனுப்பாமல் ஒளிப்பேழையாக விற்கவே எண்ணியிருந்தார்கள். பிறகு கதை நன்றாக இல்லை என்று கண்டு, ஏறத்தாழ ஒன்பது மாதங்களில் அதைப் புதிதாக ஆக்கி முடித்தார்கள். படம் பெரும் புகழ் பெற்றது. ஆனால் ஓய்வின்றி உழைத்த கலைஞர்கள் பலர் கைவலியால் வருந்தினர். அதன் விலை என்ன என்பதைக் கேட்மல் பின்னர் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார். நாம் நினைவில் வைத்திருப்பது படத்தை; மறந்துவிட்டது அந்த வலியை.

இதற்கு டிஸ்னியின் வரலாறும் ஒரு சான்று. 1940-இல் வெளிவந்த 'பினோக்கியோ', 'ஃபேன்டேசியா' என்ற இரண்டு படங்களும் இன்று காவியங்களாகப் போற்றப்படுகின்றன. வெளிவந்த நாளில் அவை போட்ட முதலையும் எடுக்கவில்லை. போர் மூண்டு ஐரோப்பியச் சந்தை அடைபட்டது அதற்கு ஒரு பெருங்காரணம். 1966-இல் வால்ட் டிஸ்னி மறைந்தபின் அந்நிறுவனத்தின் சித்திரப் படப் பிரிவு சோர்வுற்றது. இனி எழாது என்று பலர் எண்ணினர். 1989-இல் 'தி லிட்டில் மெர்மெய்ட்' என்ற படத்தோடு அது மீண்டும் எழுந்தது. ஒரு நிலையத்தின் வாழ்வில் ஏற்றமும் இறக்கமும் மாறிமாறி வரும். இறக்கத்தின் நடுவில் நின்றுகொண்டு 'இதுவே முடிவு' என்று தீர்ப்புச் சொல்வது எளிது. பெரும்பாலும் அது பிழையாகவே முடிந்திருக்கிறது.

நான்காவதாக, புதுமை பழகிப்போகும். 1995-இல் இத்தகைய முழுநீளப் படம் உலகில் ஒன்றே ஒன்று. பின்னர்ப் பல நிலையங்கள் அந்தக் கலையைக் கற்றுக்கொண்டன. சிறந்த அனிமேஷன் படத்திற்கான ஆஸ்கர் பரிசு முதன்முதலில் வழங்கப்பட்டபோதே, அதைப் பெற்றது பிக்சாரின் 'மான்ஸ்டர்ஸ் இங்க்' அன்று. வேறொரு நிலையத்தின் 'ஷ்ரெக்'. 2018-இல் வந்த 'ஸ்பைடர்-மேன்: இன்டு தி ஸ்பைடர்-வெர்ஸ்' கணினிப் படத்திற்கு முற்றிலும் புதிய தோற்றம் தந்து, பிக்சாரின் படத்தை வென்று பரிசு பெற்றது. ஊரில் ஒரே கிணறு இருந்த காலத்தில் அதன் நீரின் சுவையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பல கிணறுகள் வந்தபின்தான் ஒப்பிடுதல் தொடங்குகிறது.

இவ்வாறு பிரித்துப் பார்த்தால், ஏமாற்றத்தில் ஒரு பகுதி நிலையத்தால் வந்தது; ஒரு பகுதி நம் வயதால் வந்தது; ஒரு பகுதி நினைவால் வந்தது; ஒரு பகுதி உலகம் வளர்ந்ததால் வந்தது. இவை அனைத்தையும் ஒன்றாகத் திரட்டி நிலையத்தின் தலையில் சுமத்துதல் நேர்மையாகுமா?

இன்னொன்றையும் நாம் மனந்திறந்து ஒப்புக்கொள்ளுதல் வேண்டும். ரசிகர்கள் வாயால் கேட்பது ஒன்று. பணம் கொடுத்து வாங்குவது மற்றொன்று. 'புதிய கதை வேண்டும், புதிய கதை வேண்டும்' என்று பல ஆண்டுகள் கேட்டார்கள். 2023-இல் 'எலிமென்டல்' என்ற புதிய கதை வந்தது. கொரியாவிலிருந்து நியூயார்க்கில் குடியேறிக் கடை நடத்திய தம் பெற்றோரை மனத்தில் வைத்துப் பீட்டர் சோன் இயக்கிய படம் அது. முதல் மூன்று நாட்களில் அமெரிக்காவில் அதற்குக் கிடைத்தது ஏறத்தாழ 3 கோடி டாலர். தோல்வி என்றே எழுதினார்கள். ஆனால் பார்த்தவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிப் பரப்பியதால், உலகெங்கும் ஓடி முடிவதற்குள் ஏறத்தாழ 50 கோடி டாலர் சேர்ந்தது. அடுத்த ஆண்டில் தொடர்ச்சிப் படமான 'இன்சைட் அவுட் 2' வந்தது. அது தண்டிய தொகை ஏறத்தாழ 170 கோடி டாலர். நீங்கள் அந்த நிலையத்தின் கணக்கர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தால், இந்த இரண்டு எண்களிலிருந்து எந்தப் பாடத்தைக் கற்பீர்கள்? தொடர்ச்சிப் படங்கள் பெருகுவதற்கு நிலையத்தின் ஆசை மட்டும் காரணமன்று. நம் காலடிகளும் காரணம்.

வேறொரு வகைக் குறையும் உண்டு. சீனக் குடும்பத்துச் சிறுமி ஒருத்தி கனடாவில் வளரும் கதையான 'டர்னிங் ரெட்' வந்தபோது, 'இது எங்கள் வாழ்க்கையோடு ஒட்டவில்லை' என்று சிலர் கூறினர். மீனின் வாழ்க்கை நம் வாழ்க்கையோடு ஒட்டிற்றா? எலியின் வாழ்க்கை ஒட்டிற்றா? ஒட்டச் செய்தது பார்ப்பவரின் உள்ளம் அல்லவா? குழந்தைப் பருவத்தில் மீனுக்காக அழ முடிந்த நமக்கு, வளர்ந்தபின் அயல்நாட்டுச் சிறுமிக்காக இரங்க முடியவில்லையென்றால், சுருங்கியது எது என்பதை நாமே சிந்திக்க வேண்டும்.

இவ்வளவும் கேட்டபின், 'அப்படியானால் ரசிகன் வாயே திறக்கலாகாதா? எல்லாம் தன் மனமயக்கம் என்று அடங்கிவிட வேண்டியதுதானா?' என்று நீங்கள் கேட்பீர்கள். அப்படி எண்ணிய ஒருவனை நான் அறிவேன். அவன் நானே.

நான் தலைமையாசிரியனாக இருந்த காலத்தில் பழைய மாணவர்கள் அவ்வப்போது பள்ளிக்கு வருவார்கள். வந்தவர் அனைவரும், "ஐயா, பள்ளி முன்போல இல்லை" என்றே தொடங்குவார்கள். புளியமரத்தை வெட்டிவிட்டீர்களே என்பார் ஒருவர். பழைய மணியின் ஓசை இல்லையே என்பார் மற்றொருவர். அவர்கள் தேடியது பள்ளியை அன்று, தம் பிள்ளைப் பருவத்தை என்று எனக்குத் தெரியும். ஆகவே புன்னகையோடு கேட்டு, தேநீர் கொடுத்து அனுப்பிவிடுவேன். ஒருநாள் ஒரு மாணவர் வந்தார். அவரும் மரத்தைச் சொன்னார், மணியைச் சொன்னார். பிறகு, "ஐயா, வெள்ளிக்கிழமை கடைசி மணியில் எங்களை நூலகத்தில் விட்டுவிடுவீர்கள். இப்போது நூலகம் பூட்டியே கிடக்கிறதே" என்றார். வழக்கம்போலச் சிரித்து, "தம்பி, காலம் மாறிவிட்டது" என்றேன். அவர் எழுந்து வணங்கிவிட்டுச் சென்றார். அன்று மாலை ஏனோ மனம் கேட்கவில்லை. நூல் வழங்கும் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். ஒரு பருவம் முழுவதற்கும் அரைப் பக்கம்கூட எழுதப்படவில்லை. தேர்வுப் பயிற்சிக்காக அந்த வெள்ளிக்கிழமை மணியை எடுத்துக்கொண்டது வேறு யாருமல்லர், நான்தான். மரமும் மணியும் அவருடைய ஏக்கம், நூலகம் உண்மை. மூன்றையும் ஒரே மூச்சில் அவர் சொன்னதால், மூன்றையும் ஏக்கம் என்றே நான் ஒதுக்கிவிட்டேன். மறுவாரம் அந்த மணியைத் திருப்பிக் கொடுத்தோம்.

அந்த நாள் எனக்கு இரண்டு பாடங்களைக் கற்பித்தது. குறை சொல்பவர், தம் ஏக்கத்தையும் உண்மையான குறையையும் பிரித்துச் சொல்ல வேண்டும்; இல்லையேல் உண்மையும் சேர்ந்தே புறக்கணிக்கப்படும். குறை கேட்பவர், ஏக்கத்தின் நடுவே ஓர் உண்மை ஒளிந்திருக்கலாம் என்று தேடிப் பார்க்க வேண்டும்; இல்லையேல் தம்மைத் திருத்த வந்த அன்பரையே இழந்துவிடுவார்.

எவ்வாறு குறை சொல்வது என்பதையும் பிக்சாரிடமிருந்தே கற்றுக்கொள்ளலாம். 1993-ஆம் ஆண்டு நவம்பர் 19-ஆம் நாள், அரைகுறையாக முடிந்திருந்த 'டாய் ஸ்டோரி'யை டிஸ்னி அதிகாரிகளுக்குத் திரையிட்டுக் காட்டினார்கள். அதில் உட்டி பிறரை ஏளனம் செய்யும் கொடிய பொம்மையாக இருந்தது. யாருக்கும் அதன்மேல் அன்பு பிறக்கவில்லை. வேலை நிறுத்தப்பட்டது. அவமானத்தால் சோர்ந்துவிடாமல் அவர்கள் கதையைத் திருத்தி எழுதினார்கள். உலகம் விரும்பிய உட்டி அதன் பிறகே பிறந்தான். பின்னாளில் அந்நிலையத்தில் ஒரு வழக்கம் ஏற்பட்டது. உருவாகிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு படத்தையும் உடன் பணிபுரியும் இயக்குநர்களும் கதாசிரியர்களும் கூடிப் பார்ப்பார்கள். எங்கே கதை தொய்கிறது, எந்தப் பாத்திரம் நம்பும்படி இல்லை என்று ஒளிவுமறைவின்றிச் சொல்வார்கள். 'பிரெயின் டிரஸ்ட்' என்பது அந்தக் குழுவின் பெயர். படத்தைப் பற்றித்தான் பேச்சு. படம் எடுத்தவரைப் பழித்தல் இல்லை. இறுதியில் முடிவு செய்யும் உரிமை இயக்குநருக்கே உண்டு. தொடக்கத்தில் தங்கள் படம் ஒவ்வொன்றும் மோசமாகவே இருக்கிறது என்றும், அதைத் திருத்தித் திருத்தியே நல்லதாக்குவதாகவும் கேட்மல் எழுதியிருக்கிறார்.

ரசிகர்களும் அத்தகைய குழுவாக இருக்கலாமே! 'பிக்சார் அழிந்துவிட்டது' என்று சொல்வதால் யாருக்கும் பயன் இல்லை. 'இந்தப் படத்தில் தந்தையின் மனமாற்றம் விரைந்து நிகழ்ந்துவிட்டது. அதனால் என் மனம் அதில் ஒன்றவில்லை' என்று சொன்னால் அதில் பயன் உண்டு. முதற் சொல் கதவை அடைக்கிறது. இரண்டாவது சொல் உட்கார்ந்து பேச இடம் தருகிறது. ஒவ்வொரு படத்தையும் அதன் அண்ணன்மாரோடு ஒப்பிடாமல் அதற்காகவே பாருங்கள். பிடித்திருந்தால் நாலு பேரிடம் சொல்லுங்கள். 'எலிமென்டல்' படத்தைக் காப்பாற்றியது அத்தகைய சொல்லே. பிடிக்கவில்லையென்றால் எந்த இடத்தில், எதனால் என்று சொல்லுங்கள். படங்களுக்கு மட்டுமன்று, உங்கள் பள்ளிக்கும் கல்லூரிக்கும், நீங்கள் அன்பு வைக்கும் எந்த நிறுவனத்திற்கும் இதுவே முறை. அன்பு வைத்தவன் வாயை மூடிக்கொள்ள வேண்டியதில்லை. பேசுவதற்குமுன் தன்னையும் ஒருமுறை ஆராய்ந்து பார்த்துக்கொண்டால் போதும்.

தாயும் மகனும் சொன்னவற்றுள் எது உண்மை என்ற கேள்வியோடு தொடங்கினேன். இரண்டும் உண்மை என்பதே என் முடிவு. என் மகளிடம் அன்று இரவு, "அம்மா, உனக்கு எந்த இடம் பிடிக்கவில்லை? சரியாகச் சொல்" என்று கேட்டேன். அவள் சிறிது நேரம் யோசித்துவிட்டு இரண்டு இடங்களைச் சொன்னாள். இரண்டும் பொருத்தமாகவே இருந்தன. பிறகு அவளே, "மற்றபடி... எனக்குப் பத்து வயது இல்லையே அப்பா" என்று சொல்லிச் சிரித்தாள்.

மறுநாள் பேரனோடு இரண்டாம் முறையும் அந்தப் படத்திற்குச் சென்றோம். அவளும் உடன் வந்தாள். படம் முடிந்து வெளியே வந்தபோது அவன் தன் தாயின் கையை விடவே இல்லை.